மேஜரின் தொண்டை வலி

காலை ஏழு மணிக்கு மேஜர் ருடோர்ஃப் நிலவறைப் படிகளில் இறங்கி வந்து, என் மேசைக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்றார். கதவுக்கு அடியில் காகிதம் உரசுவது போல ஒரு சத்தம். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். அங்கே அவருடைய வீரச் சிலுவைப் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் அதில் பட்டதும் கை தானாகக் கீழே இறங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, ஏப்ரல் மாதம். வேசர் ஆற்றின் கிழக்குக் கரையில் ஆல்டன்ஃபுர்ட் என்ற சிற்றூர். பள்ளிக்கூடத்தின் நிலவறையில், நிலக்கரி கொட்டி வைக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு, என் தொலைபேசிப் பலகையை வைத்திருந்தார்கள். பட்டாலியன் என்று பெயர். மிச்சம் இருந்தது நூற்றுப் பன்னிரண்டு பேர்.

எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. கல்லூரியில் இரண்டு பருவம் வேதியியல் படித்தபோதும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். ராணுவத்துக்கு அழைத்துத் தொலைபேசியில் உட்கார வைத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. கம்பி வழியாக என்னால் யாருடனும் பேச முடியும். பலகையில் பன்னிரண்டு சிறிய தகடுகள். பதினொன்று எங்கள் காவல் நிலைகளுக்கு, பன்னிரண்டாவது டிவிஷன் தலைமையகத்துக்கு. எங்கேயாவது யாராவது கைப்பிடியைச் சுற்றினால் அந்த எண்ணின் தகடு டக்கென்று விழும். நான் கம்பியைச் செருகிக் கேட்பேன். பேசி முடித்ததும் அவர்கள் ஒரு முறை சுற்ற வேண்டும். தகடு மறுபடி விழுந்தால் முடிந்தது என்று அர்த்தம். பத்து நிலைகள் ஒழுங்காகச் சுற்றும். பதினொன்றாம் எண், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த செங்கல் சூளை, பேசி முடித்த பிறகு ஒருநாளும் சுற்றியதில்லை. ஒவ்வொரு முறையும் நானே நுழைந்து, "முடிஞ்சதா?" என்று கேட்க வேண்டும். "ஐயோ எக்ஸ்சேஞ்ச், மறந்துட்டோம்," என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து சிரிக்கும். சூளையில் இருந்த நாற்பது பேரின் முகத்தை நான் பார்த்ததில்லை. இருமலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன்.

மேஜர் குரலில்லாமல் நின்றபோது, சுவரில் கம்பி கட்டிக்கொண்டிருந்த சார்ஜென்ட் கூப்கே திரும்பிப் பார்த்தார். பெர்லின்காரர். வாயை அடக்கத் தெரியாதவர். மேஜர் மருத்துவரைத் தேடி மேலே போகும் வரை பொறுத்திருந்துவிட்டு, "மறுபடியுமா? அதான் கழுத்துல ஒண்ணு தொங்குதே. இன்னொண்ணு தொங்கவிட இடமில்லையே தங்கச்சி," என்றார்.

எங்கள் ராணுவத்தில் தொண்டை வலி என்றால் வேறு அர்த்தம். வீரச் சிலுவையை மற்ற பதக்கங்கள் போல மார்பில் குத்த மாட்டார்கள். தொண்டைக் குழியில் தொங்கும்படி கழுத்தில் கட்டுவார்கள். அதற்கு ஏங்கும் அதிகாரியைச் சிப்பாய்கள், அவருக்குத் தொண்டை வலி என்பார்கள். அப்படி வலி வந்த அதிகாரியிடம் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதி வைத்துவிடுவார்கள். சிலுவை கிடைத்த பிறகும் சிலருக்கு வலி போகாது. அதற்கு மேல் வெள்ளி ஓக் இலை என்று ஒன்று இருந்தது.

மேஜரின் வலி பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். போன வாரம் பின்வாங்கி வந்தபோது கோப்புப் பெட்டி ஓடையில் விழுந்துவிட்டது. பக்கங்களை அடுப்புக் குழாயின் மேல் உலர்த்தி, மை கரைந்தவற்றை மறுபடி தட்டச்சு செய்தேன். அவருடைய கோப்பும் அதில் இருந்தது. ஒன்பது வருடம், முப்பத்தோரு பக்கம். போலந்தில் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. பிரான்சில் முதல் வகுப்பு. காயங்கள் நான்கு. பிறகு ரஷ்யா. நாற்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் முந்நூற்றுப் பத்து பேருடன் ஓர் ஆற்றுக் கடவை மூன்று நாள் காத்தார், அதற்காக வீரச் சிலுவை. எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. நாற்பத்திரண்டாம் வருடக் கோடையில் மூன்று கிராமங்கள் சுத்தப்படுத்தப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் ஒன்றைச் சுத்தப்படுத்தினால், எதை நீக்கினோம், எவ்வளவு நீக்கினோம் என்று எழுதியாக வேண்டும். இங்கே அது இல்லை. அந்த வரியையும் அப்படியே தட்டச்சு செய்தேன். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

எட்டு மணிக்கு மருத்துவர் வென்ஸ்கே ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டாம் தகடு விழுந்தது. டிவிஷன். கேப்டன் ஸிம்மரர். மேஜரைக் கூப்பிடச் சொன்னார். நான் சீட்டைப் பார்த்து, அதில் இருந்ததை அப்படியே படித்தேன்.

"மேஜருக்குத் தொண்டை வலி. இன்னைக்குப் பேச முடியாது."

எதிர்முனையில் சிரிப்பு. பக்கத்தில் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. மறுபடி பேசுகுழாயில் வந்து, "இந்த நேரத்துலயும் விடமாட்டேங்கறாரே மனுஷன். சரி, ஜெனரல் காதுல போடறேன். அவருக்கும் இப்படி ஒரு சேதி தேவைதான்," என்று சொல்லி, ஒழுங்காகக் கைப்பிடியைச் சுற்றி முடித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தேன். வறுத்த பார்லிக் காபி ஆறிப்போயிருந்தது. கூப்கேயின் நக்கலைக் கேட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இருந்தும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு உத்தரவு வந்தது. கேப்டன் ஸிம்மரர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இரண்டு பக்கமும் இருந்த பட்டாலியன்கள் நண்பகலில் காட்டுக்குப் பின்வாங்கும். மேஜர் ருடோர்ஃபின் விருப்பத்தை ஜெனரல் மகிழ்ச்சியோடு ஏற்கிறார். அவருடைய பட்டாலியன் ஆல்டன்ஃபுர்ட்டில் நிற்கும். மாலை ஐந்து மணிக்கு, செங்கல் சூளையில் இருக்கும் படை மேற்கே மலைச்சாலையில் வரும் அமெரிக்க டாங்கிகளைத் தாக்கும். ஓக் இலைக்கான பரிந்துரை தயாராகிவிட்டது.

விருப்பம் என்ற சொல்லில் என் பென்சில் நின்றது. கேப்டன் எதற்குச் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

யாருக்கும் தெரியாது. சீட்டை எழுதியவர் மருத்துவர். அவர் எழுதியதை நான் படித்தேன், அவ்வளவுதான். சும்மா இருந்திருக்கலாம். உத்தரவை மேலே அனுப்பிவிட்டு அடுத்த தகடு விழக் காத்திருந்திருக்கலாம். அப்போது பதினொன்றாம் தகடு விழுந்தது. சூளையிலிருந்து யாரோ, வயதான குரல், நெஞ்சில் சளி கட்டியவர், சூளைச் சூட்டில் உருளைக்கிழங்கு சுட்டதாகவும் எனக்கு இரண்டு எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆற்றைத் தாண்டி எப்படி அனுப்புவது என்று கேட்டுச் சிரித்தார். வழக்கம்போல் சுற்றாமல் போய்விட்டார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

முதல் வகுப்பறையில் மேஜர் ஒரு சிறுவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் வென்ஸ்கே கத்தியை ஸ்பிரிட்டில் முக்கிக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் சீழ்க்கட்டி, இப்போதே கீற வேண்டும், மயக்க மருந்து தீர்ந்து மூன்று நாளாகிறது என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மேஜரின் மடியில் ஒரு சிலேட்டு. அதன் ஓரத்தில் ஏதோ ஒரு குழந்தை எழுதிய வாத்து என்ற சொல் இன்னும் அழியாமல் இருந்தது.

அவர் உத்தரவைப் படித்தார். இரண்டு முறை. விருப்பம் என்ற சொல்லுக்கு அடியில் நகத்தால் கோடு போட்டு என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டிவிஷன் என்ன கேட்டது, நான் என்ன படித்தேன், கேப்டன் எப்படிச் சிரித்தார், எல்லாவற்றையும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லும்படி அவர் கையசைத்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மருத்துவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

மேஜரின் தோள்கள் குலுங்கின. வலியா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது. சிலேட்டில் எழுதினார்: *நாற்பத்து மூன்றில் அது உண்மை.*

அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு எழுதினார்: *டிவிஷனிடம் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள்.*

கீழே ஓடினேன். டிவிஷன் கம்பி வெகுநேரம் கிடைக்கவில்லை, கிடைத்தபோது மணி இரண்டு. கேப்டன் ஸிம்மரர் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். சீழ்க்கட்டி என்று சொன்னதும் மறுபடி சிரித்தார். இந்த முறை சிரிப்பு சீக்கிரம் நின்றது. "கையெழுத்தாயிடுச்சும்மா. ஜெனரல் கார்ல ஏறிட்டாரு. நாங்களும் மூட்டை கட்டிட்டிருக்கோம்," என்றார். ஏதோ இன்னும் சொல்ல வந்தது போல இருந்தது. நல்லா பாத்துக்கங்க என்பது மாதிரி. கம்பியில் ஒரு கீறல் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கருவியையே பிடுங்கிவிட்டார்கள்.

திரும்பிப் போனபோது அறுவை முடிந்திருந்தது. கீறுவதற்காகக் காலரைத் தளர்த்தி, சிலுவையைக் கழற்றி, இனாமல் கிண்ணத்தில் போட்டிருந்தார் மருத்துவர். அதே கிண்ணத்தில்தான் ரத்தமும் சீழும் தோய்ந்த பஞ்சும் கிடந்தது. மேஜரின் கழுத்தில், நாடா உரசிய இடத்தில், ஒரு வெளுத்த கோடு. டிவிஷன் சொன்னதை அவரிடம் சொன்னேன். மணி இரண்டேகால்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆறு அங்கிருந்து தெரியும். பாலத்தை நாங்களே முந்தாநாள் தகர்த்துவிட்டோம். இருந்த இரண்டு தட்டைப் படகுகளும் சூளைப் பக்கம் கட்டிக் கிடந்தன. அந்த நாற்பது பேரிடம் போய்ச் சேர என் கம்பியைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார். மெதுவாக, பள்ளிப் பையன் போல. சூளை உடனே இந்தக் கரைக்குத் திரும்பவும். எல்லா நிலைகளும் ஆயுதங்களைப் பள்ளி முற்றத்தில் வைக்கவும். தேவாலயக் கோபுரத்தில் வெள்ளைத் துணி.

மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "மேஜர் சார், இதுக்குத் தூக்குல போடுவாங்க," என்றார். சாதாரணமாக, மருந்தின் பின்விளைவைச் சொல்வது போல.

மேஜர் தலையாட்டினார். என்னோடு படியிறங்கினார். என் மேசையில் இருந்த பதிவேட்டைத் திருப்பி, சிலேட்டில் இருந்ததை நகல்பென்சிலால் அதில் எழுதினார். பெயர், பதவி, நேரம். அடியில் இன்னொரு வரி: *தொலைபேசிப் பணியாளர் ஹார்ட்டுங் என் உத்தரவின்படி மட்டும் பேசினார்.* நகல்பென்சிலில் எழுதினால் அழிக்க முடியாது. ஈரம் பட்டால் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

பதினொன்றாம் எண்ணைக் கூப்பிட்டேன். சூளைக்குப் பொறுப்பு லெஃப்டினன்ட் பிராண்டிஸ். போருக்கு முன் பூகோள ஆசிரியர். உத்தரவைப் படித்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எக்ஸ்சேஞ்ச், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி பக்கத்து பட்டாலியன்ல ஒருத்தர் போன்ல வந்த உத்தரவை நம்பி நிலையை விட்டு வந்தாரு. அப்படி ஒரு உத்தரவே இல்லைன்னுட்டாங்க. அவரை ஆப்பிள் மரத்துல தொங்கவிட்டதை நான் பாத்தேன். எனக்கு மேஜர் குரல் வேணும்."

மேஜர் குழாயை வாங்கினார். வாயில் இருந்த பஞ்சைத் துப்பிவிட்டுப் பேசினார். வாய்க்குள் சுடு கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குழைந்த சத்தம். "திரும்பி வாங்க," என்றுதான் சொன்னார். எனக்கே அது யாருடைய குரலோ போல இருந்தது.

"இது மேஜர் இல்லை," என்றார் பிராண்டிஸ்.

கூப்கே முதல் முறையாக எந்த நக்கலும் செய்யவில்லை. மணி இரண்டு ஐம்பது. மேற்கே மலைச்சாலையில் இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. நான் குழாயைத் திரும்ப வாங்கி, லெஃப்டினன்ட் என்ன கேட்டால் நம்புவார் என்று அவரையே கேட்டேன். என் இயல்புக்கு அது அதிகம்.

பிராண்டிஸ் சொன்னார்: "நாப்பத்து மூணுல அந்த ஆத்தங்கரைல நானும் இருந்தேன். எத்தனை பேர் திரும்பி வந்தோம்னு கேளுங்க. அது எந்தக் காகிதத்துலயும் கிடையாது."

கேள்வியை மேஜரிடம் சொன்னேன். அவர் சிலேட்டைத் தேடவில்லை. விரலை என் மேசையின் கரித்தூசியில் வைத்து ஓர் எண் எழுதினார். அவர் யோசிக்கக்கூட இல்லை. தினமும் எழுதிப் பழகிய எண் போல இருந்தது.

"அறுபத்தொண்ணு," என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். உருளைக்கிழங்குக்காரர்தான்.

"அப்ப அவரோட தொண்டை வலி?" என்று கேட்டார் பிராண்டிஸ். இதை மெல்லக் கேட்டார்.

நான் மேஜரைப் பார்த்தேன். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சவரம் செய்யாத, வீங்கிய, முப்பத்தாறு வயது முகம். குழாய்க்குள் இருந்து வந்த கேள்வி அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"சரியாயிடுச்சு," என்றேன். "இன்னைக்கு மத்தியானம் சரியாயிடுச்சு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். குழாயை எல்லோரும் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே மரப்பலகை இழுபடும் சத்தமும் யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது.

மற்ற பத்து நிலைகளுக்கும் ஒரே நேரத்தில் இணைப்புக் கொடுத்துப் படித்தேன். ஆலை, கோபுரம், படித்துறை, தோல் பதனிடும் கொட்டகை. கோபுரத்தில் இருந்தவர் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது என்றார். மருத்துவர் தன் படுக்கை விரிப்பைச் சுருட்டிக் கூப்கேயிடம் கொடுத்தார். கூப்கே அதை முகர்ந்து பார்த்து, "இதைத் தூரத்துல இருந்து பாத்தா வெள்ளைன்னுதான் நம்புவாங்க," என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

காகிதங்களை எரிக்க வேண்டும் என்பது விதி. அடுப்பைத் திறந்து, மேஜரின் கோப்பை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். சிலுவைக்கான பக்கத்தைப் பிரித்து, முந்நூற்றுப் பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அறுபத்தொன்று என்று எழுதினார். பிறகு அதற்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினார். சுத்தப்படுத்தப்பட்டன. பென்சிலை அதற்கு மேல் நெடுநேரம் பிடித்திருந்தார். எதுவும் எழுதவில்லை. ஆனால் அடுப்பிலும் போடவில்லை. இரண்டு பக்கங்களையும் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அவரே உள்ளே தள்ளினார். ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். போருக்குப் பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது அவற்றை அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் மேஜரை அழைத்துக்கொண்டு போய் அந்த மூன்று கிராமங்களின் பெயரைக் கேட்டதாகவும், அவர் சொன்னதாகவும் பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று மூன்றரை மணிக்கு நிலைகள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட ஆரம்பித்தன. புறப்படும் முன் ஒரு முறை சுற்றிவிட்டுப் போக வேண்டும். ஆலை சுற்றியது. தகடு டக். படித்துறை. தோல் கொட்டகை. நான் விழுந்த தகடுகளைத் தூக்கி வைக்கவில்லை. கோபுரம் கடைசியாக, துணியைக் கட்டிவிட்டுச் சுற்றியது. பத்துத் தகடுகள் விழுந்து கிடந்தன. பன்னிரண்டாவது ஊமை.

மேஜர் படியில் உட்கார்ந்து, தரைமட்டத்தில் இருந்த ஜன்னலின் கம்பி வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலர் திறந்திருந்தது. எனக்கு அங்கிருந்து ஆறு தெரியாது. படகு வருகிறதா என்று கேட்கவும் வாய் வரவில்லை. இன்ஜின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காதுக்குழாயைக் கழற்றி மேசையில் வைத்தேன். சூளைக்காரர்கள்தான் ஒருநாளும் சுற்ற மாட்டார்களே. அப்படியே போயிருப்பார்கள். அல்லது இன்னும் அங்கேயே இருப்பார்கள். இரண்டுக்கும் இந்தப் பலகையில் ஒரே அடையாளம்தான்.

கையைச் செருகுகம்பியின் மேல் வைத்தேன். முடிஞ்சதா என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பதினொன்றாம் தகடு விழுந்தது.